பச்சைப் பிரஷ்ஷுக்குக் கீழே

"பிரஷ் கெடைச்சுதா?"

"அக்கா, இப்பத்தான் வண்டியை விட்டே எறங்குறேன். செருப்புல இன்னும் மண்ணே ஒட்டலை."

"அப்ப எதுக்குடி அவ்வளவு சீக்கிரம் கெளம்பினே? ரயிலைப் பிடிக்கப் போறவ மாதிரி ஓடினே?"

"உன்கிட்ட இருந்து தப்பிக்கத்தான்."

"தெரியும். கெடைச்சதும் கூப்பிடு."

கூப்பிட அவசியமே இருக்கவில்லை. சின்னவள் கண்டெய்னர் அறைக்குள் பையை வைத்துவிட்டுத் தொப்பியை எடுப்பதற்குள் அக்காளே மறுபடி கூப்பிட்டுவிட்டாள். மின்விசிறியைத் துடைக்கிறேன் என்று ஸ்டூலில் ஏறி விழுந்து, முட்டி வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடப்பவளுக்கு வேறு என்ன வேலை? எழுபதை நெருங்குகிற வயதில் உன்னை யார் ஸ்டூலில் ஏறச் சொன்னது என்று கேட்டால், "தூசியைப் பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியாது" என்பாள். வாழ்நாள் முழுக்கத் தூசிக்குள்ளேயே குடியிருந்தவள் பேசுகிற பேச்சு அது.

அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் ஒரே தொழில். மண்ணைத் தோண்டிப் பழைய காலத்தைப் பார்க்கிற தொழில். பெரியவள் ஓய்வு பெற்றுவிட்டாள். சின்னவளுக்கு இன்னும் சில வருஷம் பாக்கி இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு நிலத்தில் யாராவது பெரிதாக எதையாவது கட்டப்போகிறார்கள் என்றால், அதற்கு முன்னால் அவள் தன் ஆட்களோடு போய் இங்கொன்றும் அங்கொன்றுமாக நீளக் குழிகள் வெட்டிப் பார்க்கவேண்டும். அடியில் ஒன்றும் இல்லையென்றால் கட்டலாம். இருக்கிறதென்றால் முழுசாகத் தோண்டி எடுக்கிற வரைக்கும் யாரும் அங்கே ஒரு செங்கல்லை வைக்கக்கூடாது. இந்தத் தடவை வரப்போவது குடோன். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கிற வயல். ஆறு தள்ளி ஓடியது. வயலிலிருந்து பார்த்தால் மரவரிசைதான் தெரியும், தண்ணீர் தெரியாது.

இது அக்காளின் வயல். அவளுக்குச் சொந்தமில்லை. ஆனால் இந்த வயலைப்பற்றி உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் அக்காள் சொன்னதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தன் பொறுப்பில் அவள் வெட்டிய முதல் குழி இங்கேதான். மேலே கொஞ்சம் பானை ஓடு, அதற்குக் கீழே மஞ்சள் மண். கன்னிமண். மனிதர் கால் படாத மண். அதற்குமேல் எவ்வளவு தோண்டினாலும் மண்தான் வரும். ஆற்றின் இந்தக் கரையில் ஆதியில் யாரும் குடியிருக்கவில்லை என்று அக்காள் அப்போது சொன்னாள். சொன்னதைப் பாடமாக்கினார்கள். பாடமானதை நம்பித்தான் கம்பெனிக்காரர்கள் இந்தப் பக்கமாக இடம் பார்த்தார்கள்.

"பெரிய மேடமே சொல்லியாச்சு," என்று அந்தக் கம்பெனியின் மேனேஜர் வந்த நாளிலிருந்து பல்லவி பாடிக்கொண்டிருந்தார். "நீங்க ஒரு சாஸ்திரத்துக்கு நாலு குழி வெட்டிப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா, நாங்க எங்க வேலையைப் பாப்போம்."

"சாஸ்திரத்துக்கு வெட்டினாலும் அதே ஆழந்தான் சார்."

"ஆழத்தைக் கொறைக்கச் சொல்லலையே மேடம். நாளைத்தான் கொறைக்கச் சொல்றேன்."

மண் அள்ளும் மிஷினை ஓட்டுகிறவரை எல்லோரும் டிரைவரண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வேலைக்கு மட்டும் அவர் பக்கெட்டின் இரும்புப் பற்களைக் கழற்றிவிட்டு, நேர் விளிம்பு வைத்த பக்கெட்டை மாட்டிக்கொள்வார். "என் மிஷின் இன்னைக்குப் பொக்கை வாய், மேடம். கடிக்காது, வழிச்சுத்தான் எடுக்கும்" என்பார். பக்கெட் மண்ணை வழித்துக்கொண்டே பின்னால் போக, சின்னவள் அதன் எதிரே தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். நிறம் மாறினால் கையைத் தூக்குவாள். கை தூக்கினால் மிஷின் நிற்கும். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

முதல் குழியில் ஒன்றுமில்லை. இரண்டாவது பாதி போயிருக்கும், மறுபக்கம் நடந்துகொண்டிருந்த நெட்டை அலறினாள். நெட்டை என்பது சின்னவளின் உதவியாளர். படம் வரைவது, அளப்பது எல்லாம் அவள்தான். உயரத்துக்கு வைத்த பெயர், குரலுக்கும் பொருந்தும்.

"சுவர்! மேடம், சுவர்!"

சின்னவள் கையைத் தூக்கினாள். மஞ்சள் தரையில், காப்பிப்பொடி நிறத்தில் ஒரு கோடு. ஓடிப்போய்ச் சட்டென்று திரும்பியிருந்தது, மேசை மூலை மாதிரி. மண்ணில் தானாக இப்படி மூலை விழாது.

"என்ன மேடம், கட்டடந்தானே? ஏன் சிரிக்கிறீங்க?"

"சுவரும் இல்ல, கட்டடமும் இல்லடி. எங்கக்கா."

தோண்டிய குழியை மூடினால், மூடிய மண் ஒருநாளும் பக்கத்து மண்ணோடு ஒட்டி உறவாடாது. எத்தனை காலம் ஆனாலும் தனியாகத் தெரியும். காப்பி நிறத்தில் தெரிந்தது அக்காளின் பழைய குழி. நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி நேராக. இளவயதிலும் அவள் கோணலாக ஒன்றும் செய்தவளில்லை.

"மிஷின் வேண்டாம் அண்ணே. இதைக் கையால எடுக்கலாம்."

"பெரியம்மா குழின்னா என் மிஷினுக்கே பயந்தான்," என்று டிரைவரண்ணன் இறங்கி, பீடியைத் தேடிக்கொண்டு போனார்.

குழியை மூடுவதற்கு முன் அடியில் எதையாவது வைத்துவிட்டுப் போவது இந்தத் தொழிலில் வழக்கம். பின்னால் யாராவது தோண்டினால், 'இதுவரைக்கும் ஏற்கெனவே வந்திருக்கிறார்கள்' என்று தெரியவேண்டுமே. மற்றவர்கள் அந்த வருஷத்துக் காசு ஒன்றைப் போடுவார்கள். அக்காள் பிரஷ் வைப்பாள். ஓடு கழுவிக் கழுவித் தேய்ந்துபோன, பல் தேய்க்கிற பிரஷ். காம்பில் ஊசியால் வருஷத்தைக் கீறியிருப்பாள். "காசு துருப்பிடிக்கும். பிளாஸ்டிக்குக்குச் சாவே கெடையாது" என்பது அவள் கட்சி.

இந்த வயலில் வைத்தது பச்சைப் பிரஷ். சின்னவளுக்கு அது நன்றாகவே தெரியும். ஏனென்றால் அது அவளுடையது. அப்பா அம்மா போனபின் வீட்டில் மிஞ்சியது அவர்கள் இரண்டு பேர்தான். பள்ளிக்கூடம் படிக்கிற பெண்ணைத் தனியாக விட முடியாமல், லீவு நாளில் அக்காள் அவளையும் தோண்டுகிற இடத்துக்கே கூட்டிக்கொண்டு வருவாள். ஒருநாள் காலை எழுந்து பார்த்தால் பல் தேய்க்கப் பிரஷ் இல்லை. அக்காள் அவசரத்தில் மாற்றி எடுத்துப்போய் ஓடு கழுவியிருந்தாள்.

"புதுப் பிரஷ்ஷு அக்கா அது! பூ போட்டது!"

"பூவெல்லாம் நல்லாத்தான் கழுவுச்சு. அழாதே, விரலால தேயி."

அதற்குப் பிறகு எத்தனையோ சண்டை போட்டிருக்கலாம். போட்டதில்லை. சமையலில் உப்புக் கூடிப்போனால்கூடச் சின்னவள் தண்ணீரைக் குடித்துக்கொள்வாளே தவிர, கூடிப்போச்சு என்று சொல்லமாட்டாள். படிக்கவைத்தவள், ஜுரத்தில் மடியில் போட்டுக்கொண்டவள், இந்தத் தொழிலையும் கையில் கொடுத்தவள். அவளிடம் போய் நீ செய்தது தப்பு என்று எப்படிச் சொல்வது?

உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பிரஷ் வந்தது. நெட்டையின் கொத்துக்கரண்டியில் 'டிக்' என்று தட்டியது. காம்பில் பூ அப்படியே இருந்தது.

"மேடம், இதுல ஒரு தடவை பல்லு தேச்சுக் காட்டுங்களேன், போட்டோ எடுத்துக்கறேன்."

"உன் கல்யாணத்துக்குப் பரிசாத் தர்றேன், பொறு."

சின்னவள் போனை எடுப்பதற்குள் போன் அடித்தது.

"கெடைச்சுதா?"

"கெடைச்சுதுக்கா. பச்சை. பூ போட்டது."

"எதுமேல இருந்துது?"

"மஞ்ச மண்ணுமேல."

"சுத்தமா?"

"சுத்தமா. ஓடில்ல, கரியில்ல."

"நான் சொல்லல?" அக்காளின் குரலில் ஒரு இளக்கம் வந்தது. "அன்னைக்கு என் கூட வேலை பாத்தவங்க எல்லாம் இன்னும் தோண்டு, இன்னும் தோண்டுன்னாங்க. நான் முடியாதுன்னேன். கன்னிமண்ணைப் பாத்தா எனக்குத் தெரியாதா? சரி, சாப்பிட்டியா?"

மேனேஜரும் எட்டிப் பார்த்தார். பிரஷ்ஷை ஒரு ஆச்சரியம்போலக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப முடிஞ்சுது இல்லையா மேடம்? பெரிய மேடம் கையெழுத்தே போட்டு வச்சிட்டுப் போயிருக்காங்களே" என்றார்.

"இன்னும் குழியோட பக்கவாட்டைச் சுத்தம் பண்ணணும் சார். சாயந்தரம் சொல்றேன்."

அந்தச் சுத்தம்தான் வினையாகப் போனது.

சின்னவள் கரண்டியால் குழியின் பக்கத்தைச் சீவி, தண்ணீர் தெளித்தாள். காய்ந்த மண் எல்லாம் ஒரே நிறம் என்று பொய் சொல்லும். நனைந்தால் உண்மையைச் சொல்லும். மஞ்சள் மண் நனைந்தது. நனைந்ததும் அதற்குள் மெல்லிய கோடுகள் தெரிந்தன, படுக்கைவசத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, மயிரிழை மாதிரி.

அவள் குந்தி உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"என்ன மேடம், இடுப்புப் பிடிச்சுக்கிச்சா?"

"இங்க வா. இது என்னன்னு சொல்லு."

நெட்டை அவ்வளவு உயரத்தையும் மடித்துக் குனிந்தாள். "கோடு கோடா இருக்கு. பனியன் மாதிரி."

"கன்னிமண்ணுல கோடு இருக்குமா?"

நெட்டை மரவரிசையைப் பார்த்தாள். அதற்குப் பின்னாலிருந்த ஆற்றைத்தான் பார்த்தாள் என்று சின்னவளுக்குப் புரிந்தது. கோடு என்றால் தண்ணீர். வெள்ளம் வரும், மண்ணைப் போடும், வடியும். மறுபடி வரும், போடும். அப்படிப் போர்த்திய மண் என்றால் அது அடி இல்லை. போர்வைக்கு அடியில் யாராவது படுத்திருக்கலாம், யாரும் இல்லாமலும் இருக்கலாம். தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பேசாமல் மேலே ஏறிவிடலாம். பிரஷ் இருக்கிறது, மஞ்சள் மண் இருக்கிறது, அக்காளின் வாக்கு இருக்கிறது. ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை. ஆனால் அக்காள் வேலை பார்த்த காலத்தில் அவளிடம் படித்த பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயரே 'அடிதொடு.' "அடியைத் தொடாம மேல ஏறாதே!" என்று ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் நின்று கத்தியவள். பாதியில் ஏறிய எத்தனை பேரை மறுபடி உள்ளே இறக்கியிருக்கிறாள்! அந்தக் கத்தல் இப்போது சின்னவளின் காதில் கேட்டது. கத்துகிறவள் முகத்தைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஒரு முழம் அகலத்துக்கு உள்ள எறங்கிப் பாக்கலாம்," என்றாள்.

"பிரஷ் இருந்த எடத்துலயா மேடம்?"

"வேற எங்க?"

நெட்டை வாளியை எடுத்துக்கொண்டாள். ஜோக் எதுவும் சொல்லவில்லை. மேலே மிஷின் சும்மா உறுமிக்கொண்டு நின்றது. மேனேஜர் போனில் யாரிடமோ "இதோ, இப்ப முடிஞ்சிரும்" என்று நடைபோட்டுக்கொண்டே பேசினார். பேச்சு முடிந்தும் நடை நிற்கவில்லை. சின்னவள் முட்டி போட்டுத் தோண்டினாள். மஞ்சள். மஞ்சள். இன்னும் மஞ்சள். முழங்கால் ஆழத்துக்கு வந்தபோது போன் அடித்தது.

"என்னடி பண்ணிட்டிருக்கே?"

"சும்மாக்கா, சுத்தம் பண்ணிட்டிருக்கேன்."

"மூச்சு வாங்குது?"

"வெயில்."

"சுத்தம் பண்றவளுக்கு மூச்சு வாங்காது. தோண்டுறவளுக்குத்தான் வாங்கும்."

அந்தப் பக்கம் போன் துண்டிக்கப்பட்டது. அக்காள் 'சரி, வைக்கிறேன்' என்று சொல்லாமல் போனை வைத்தது அதுவே முதல் தடவை.

அதற்கப்புறம் நாலு கரண்டி எடுத்திருப்பாள். நிறம் மாறியது. கறுப்பு. நடுவே கடுகுபோலக் கரித்துணுக்குகள், சிவந்து வெந்த ஒரு மண்கட்டி. அதற்குப் பக்கத்தில் ஒரு ஓடு. மேலே கிடைத்த ஓடுகளைப்போல மெல்லிசாக, சக்கரத்தில் சுற்றியது இல்லை. தடித்தது, கையால் பிசைந்து அழுத்தியது.

"மேடம்..." என்றாள் நெட்டை.

"தெரியுதுடி."

"சந்தோஷப்படணுமா, வேண்டாமா?"

"வாயை மூடிட்டு அளவெடு."

அளந்து வரைந்து முடிக்கிற நேரம். டாக்ஸி வந்த சத்தம் குழிக்குள் கேட்கவில்லை. டிரைவரண்ணன்தான் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து சொன்னார்: "மேடம், பெரியம்மா வந்திருக்காங்க. ஒரு காலை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு என்னைத் திட்டுறாங்க. நான் ஒண்ணுமே செய்யலை!"

டிரைவரண்ணன் தோளில் ஒரு கை போட்டு, மறுகையில் ஊன்றுகோலோடு, தாள் குத்துகிற வயலில் நொண்டிக்கொண்டே அக்காள் வந்து சேர்ந்தாள். கண்டெய்னரிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து குழி விளிம்பில் போட்டார்கள். மாவுக்கட்டுக் காலுக்கு ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தார்கள்.

"டாக்டர் எழுந்திரிக்கவே கூடாதுன்னாரே அக்கா!"

"டாக்ஸில ஆஸ்பத்திரின்னு சொல்லித்தான் ஏறினேன். பாதி வழியில மாத்திட்டேன்."

"எதுக்கு ஆஸ்பத்திரின்னு சொன்னே?"

"எதிர்வீட்டுக்காரி வாசல்ல நின்னா. அதை விடு. என் குழிக்குள்ள என்ன ஓட்டை அது?"

நெட்டை பச்சைப் பிரஷ்ஷைத் துடைத்து அவள் கையில் கொடுத்தாள், அழுகிற குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் கொடுக்கிற மாதிரி. அக்காள் அதைப் பார்க்காமலே மடியில் வைத்துக்கொண்டாள். பார்வை ஓட்டையிலேயே இருந்தது.

"கறுப்பா ஒரு அடுக்கு வருதுக்கா," என்றாள் சின்னவள். "மஞ்சளுக்குக் கீழ."

"எலி வளை."

"எலி வளை உருண்டையா இருக்கும். இது தட்டையாப் போகுது."

"அப்ப வேர். மரம் எரிஞ்சு, வேரும் எரிஞ்சிருக்கும். கரி வராம என்ன வரும்?"

"ஓடு வந்திருக்கு."

"மேல இருந்தது, எலி உள்ள இழுத்துட்டுப் போயிருக்கும்."

"எலிக்கு எதுக்குக்கா பானை?"

டிரைவரண்ணன் சிரித்துவிட்டார். அக்காள் திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

மேனேஜர் நல்ல சமயம் பார்த்து முன்னால் வந்தார். "பெரிய மேடம், உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டாப் போதும். இது எலி வளைதானே? நீங்க சொன்னா எங்க மேலிடத்துலயும் சரி, மேடத்தோட மேலிடத்துலயும் சரி, ஒருத்தரும் மறுபேச்சுப் பேசமாட்டாங்க."

அது உண்மை. வயலில் நின்ற எல்லோருக்கும் அது தெரியும். அக்காள் தங்கையைப் பார்த்தாள். தங்கை அக்காளைப் பார்த்தாள்.

"எலி வளைதான்," என்றாள் அக்காள்.

"இல்லக்கா."

சின்னவளுக்கே தன் குரல் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. குழிக்குள் நின்றுகொண்டிருந்தாள், அண்ணாந்துதான் பேசவேண்டியிருந்தது.

"இல்லக்கா. நீ பாத்தது அடி இல்ல. வெள்ளம் போட்ட மண்ணு. பக்கவாட்டுல கோடு ஓடுது, இங்கிருந்தே தெரியும், பாரு. நீ பாதியிலயே மேல ஏறிட்டே."

நெட்டை கையிலிருந்த அளவு நாடா தானாகவே சுருண்டு 'சர்' என்று உள்ளே போனது.

"யாருகிட்ட பேசுறேன்னு தெரியுதா?" என்றாள் அக்காள்.

"தெரியுது. அடிதொடு மேடம்கிட்ட."

அந்தப் பெயர் தனக்கு இருப்பது அக்காளுக்குத் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. மடியிலிருந்த பிரஷ்ஷைப் புரட்டினாள். கட்டைவிரலால் பூவைத் தேய்த்தாள்.

"ஒரு ஓட்டையை வச்சு ஒரு ஊரையே கட்டாதே," என்றாள் கடைசியில். "எலியா இருந்தா இங்க மட்டுந்தான் இருக்கும். அடுக்கா இருந்தா குழி முழுக்க ஓடியிருக்கணும். இன்னொரு எடத்துல காட்டு."

"எடத்தை நீயே சொல்லு."

அக்காள் யோசிக்கவில்லை. குழியைச் சுற்றிப் பார்க்கக்கூட இல்லை. ஊன்றுகோலை நீட்டி, தூரத்து மூலையைக் காட்டினாள். அத்தனை வருஷம் கழித்துக் குழியைப் பார்க்கிறவள், வீட்டுக்குள் சுவிட்சைத் தேடாமல் தட்டுகிறவள் மாதிரி அந்த மூலைக்கு எப்படிப் போனாள் என்று சின்னவள் நினைத்தாள்.

மூலையில் உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தாள். மேலே நாற்காலி ஒருநொடியும் சும்மா இருக்கவில்லை. "கையை அழுத்தாதே." "வாளியை அந்தப் பக்கம் வை, விளிம்பை உடைக்கிறா பாரு." "ஏம்மா நெட்டை, உன் நிழல் உள்ள விழுது, தள்ளு." மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். மஞ்சள் மண் வந்தது. முழங்கால் ஆழம் வந்தது. முதல் ஓட்டையில் கறுப்பு வந்த ஆழமும் தாண்டியது. மஞ்சள்தான்.

இன்னும் ஒரு சாண் போனாள். மஞ்சள்.

"மேடம், போதுமே," என்றார் மேனேஜர். இப்போது குரலில் கொஞ்சம் கருணைகூட இருந்தது. "நீங்களும் எவ்வளவுதான் பாடுபடுவீங்க."

சின்னவளின் காது சூடானது. எல்லோர் முன்னாலும் சொல்லியாயிற்று. திரும்ப வாங்க முடியாத பேச்சு. வீட்டுக்குப் போய் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எப்படி உட்கார்ந்து சோறு கொடுப்பது? கரண்டியை மண்ணில் குத்தி, முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க எழுந்திரிக்கிறே?" என்று மேலிருந்து ஒரு அதட்டல்.

"வரலைக்கா. மஞ்சளாவே போகுது."

"அடியைத் தொட்டியா?"

"இன்னும்... இல்ல."

"அப்புறம் என்ன மேல ஏறுறே? இந்த மூலை அப்பவே பள்ளம். பள்ளத்துல வண்டல் கூடத்தான் தேங்கும். இன்னும் எறங்கு!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அக்காளுக்குத் தெரிந்தது. வண்டல் என்றால் வெள்ளம் கொண்டுவந்த மண். கன்னிமண்ணை யாரும் வண்டல் என்று சொல்வதில்லை. அக்காள் ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குழிக்குள்ளேயே பார்த்தாள்.

சின்னவள் மறுபடி உட்கார்ந்தாள். கை உள்ளே போய், தோள் வரைக்கும் போய், கடைசியில் கிட்டத்தட்டத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தோண்டினாள். கரண்டி நுனியில் சத்தம் மாறியது. மண் சத்தம் இல்லை. கெட்டியான, வெந்த சத்தம்.

"நிறுத்து," என்றாள் அக்காள். மேலே உட்கார்ந்திருந்தவளுக்குக் கேட்டுவிட்டது. "கரண்டியைக் கீழ வை. வைடின்னா! இனிமே இரும்பு படக்கூடாது. பிரஷ் எடு."

"பிரஷ் பையில இருக்கு, பை கண்டெய்னர்ல..."

"இந்தா."

பச்சைப் பிரஷ் கைமாறிக் கீழே வந்தது. மயிர் பாதி தேய்ந்திருந்தது. ஆனாலும் வேலை செய்தது. துடைக்கத் துடைக்கக் கறுப்புக்கு அடியில் சிவப்பு வந்தது. வழவழப்பாக மெழுகி, நெருப்பில் வெந்த தரை. அதன் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு சின்ன வரம்பு, ஒரு கை அகலம். உள்ளே சாம்பல். அடுப்பு. வரம்பின் ஓரத்தில் ஒரு பானையின் அடிப்பாகம், கழுவி வைத்த மாதிரி கவிழ்ந்திருந்தது.

டிரைவரண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "சமைச்சுட்டுக் கவுத்து வச்சிட்டுப் போயிருக்காங்க."

"வெள்ளம் வரும்னு தெரியாமப் போயிருக்காங்க," என்றாள் நெட்டை.

மேனேஜரின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. நாற்காலிப் பக்கம் குனிந்தார். "பெரிய மேடம், நீங்க... நீங்க இப்ப என்ன சொல்றீங்க?"

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? பொறுப்பு அவ," என்றாள் அக்காள். "நான் ஆஸ்பத்திரிக்குப் போக வந்தவ."

அவர் சின்னவளைப் பார்த்தார். சின்னவள் குழிக்குள் மண் அப்பிய முகத்தோடு நின்று, "இங்க கட்ட முடியாது சார், முழுசாத் தோண்டி முடிக்கிற வரைக்கும். நாளைக்கே எழுத்துல வந்திரும்" என்றாள். சொல்லிவிட்டு உடனே அக்காள் முகத்தைத் தேடினாள். அக்காள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். மரவரிசைப் பக்கம்.

டாக்ஸியில் பின் சீட்டு முழுக்க மாவுக்கட்டுக் காலே படுத்துக்கொண்டது. சின்னவள் முன்னால் ஏறினாள். வயல் முடிந்து ரோடு வந்தது. மன்னிப்புக் கேட்பதா, வேண்டாமா, கேட்டால் எதற்கென்று கேட்பது என்று சின்னவள் உள்ளுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தாள். பெட்ரோல் பங்க் ஒன்று கடந்தது.

"இங்க ஒண்ணு," என்றாள் அக்காள்.

"என்னக்கா ஒண்ணு?"

"நீலப் பிரஷ். அந்தப் பங்குக்குக் கீழ."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அக்காள் ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்கயும் மஞ்ச மண்ணுதான். ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்." கொஞ்ச தூரம் போனபின், "பஸ் டிப்போல வெள்ளை. மழை நாள். சீக்கிரம் ஏறிட்டோம்" என்றாள். பின்பு, "புது மார்க்கெட் கட்டினாங்களே..."

"அக்கா, விடு. எல்லா மஞ்சளும் வெள்ளம் போட்டதா இருக்காது."

"இருக்காதுதான். எது இருக்கும், எது இருக்காது? தண்ணி தெளிச்சுப் பாத்தியான்னு நீ கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அக்காள் திரும்ப வாங்கி வைத்திருந்த பிரஷ்ஷைக் கைக்குள் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். காம்பில் கீறிய வருஷத்தை நகத்தால் தடவினாள்.

"அது என்னோட பிரஷ்," என்றாள் சின்னவள், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

"தர்றேன், தர்றேன். அன்னைக்கும் இதுக்குத்தானே அழுதே." அப்புறம் சட்டென்று நிமிர்ந்தாள். "பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானம் உண்டு. அங்கயும் ஒரு பிரஷ் வச்சிருக்கேன். அதுமேல மட்டும் யாரும் இன்னும் ஒண்ணும் கட்டலை, இல்ல?"

"கட்டலை. பசங்க பந்து விளையாடுறாங்க. அக்கா, இன்னைக்கு வேண்டாம்."

"இன்னைக்குத் தோண்டணும்னு யார் சொன்னா? அது எந்தப் பக்கம் பள்ளமா இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வந்திரலாம். பாலம் தாண்டி எடது பக்கம் திருப்புப்பா."

டாக்ஸிக்காரர் கண்ணாடியில் அந்த மாவுக்கட்டுக் காலைப் பார்த்தார். "அப்ப எப்பத்தாம்மா ஆஸ்பத்திரி?"

"உனக்கு என்னப்பா அவசரம்?" என்று ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள் அக்காள்.